மூன்றரை டன் கேரவனை இழுக்க எந்த வண்டி?

கேள்வி இதுதான். மெல்பர்னில் இருக்கும் ஒரு குடும்பம், கணவன், மனைவி, 12 வயதிலும் 9 வயதிலும் இரண்டு பிள்ளைகள், 21 அடி ஆஃப்ரோட் கேரவன் ஒன்றுக்கு முன்பணம் கட்டியிருக்கிறது. வெறும் எடை 2,850 கிலோ, நிறை எடை 3,500 கிலோ. ஓராண்டு விடுப்பில் ஆஸ்திரேலியாவைச் சுற்றிவர ஆசை. கிப் ரிவர் ரோடு, கேப் யார்க் எல்லாம் பட்டியலில் உண்டு. "3,500 கிலோ இழுக்கும் என்று போட்டிருக்கிற வண்டிகளே பத்துக்கு மேல் இருக்கின்றன, அவற்றில் எதை வாங்கலாம்?" என்று கேட்கிறார்கள்.

அந்த 3,500 என்ற எண்ணை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். விளம்பரத்தில் பெரிதாக அச்சாகும் அந்த எண்தான் உங்கள் முடிவுக்கு மிகக் குறைவாக உதவப்போவது. கேரவன் கொக்கியில் ஏறிய பிறகு வண்டிக்குள் எத்தனை கிலோவுக்கு இடம் மிச்சமிருக்கிறது என்பதுதான் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி. நான் அடிலெய்டில் இருந்து பதினோரு வருடமாக கேரவன் இழுக்கிறேன். இந்தக் கேள்வியை முதல் மூன்று வருடம் நானும் கேட்கவில்லை.

கணக்குக்குப் போகும் முன் நான்கு சொற்கள் தெரிந்தாக வேண்டும். கேரவனின் தகட்டில் டேர் என்று இருப்பது, தண்ணீரும் சாமானும் ஏற்றாமல் தொழிற்சாலையை விட்டு வரும்போதுள்ள எடை. ஏ.டி.எம். என்பது எல்லாம் ஏற்றிய பிறகு கேரவன் மொத்தமாக இருக்கக்கூடிய அதிகபட்ச எடை. உங்களுக்கு அது 3,500. வண்டிப் பக்கம், ஜி.வி.எம். என்பது வண்டி தன் சக்கரங்களில் தாங்கக்கூடிய மொத்த எடை. ஆள், எரிபொருள், சாமான், அதோடு கேரவன் முன்னால் அழுத்தும் பாரமும் இதில் சேரும். ஜி.சி.எம். என்பது வண்டியும் கேரவனும் சேர்ந்து இருக்கக்கூடிய எடை. இவற்றில் கடைசி மூன்று எண்களில் எதையும் மீறக் கூடாது. மீறினால் பொறுப்பு ஓட்டுநருடையது. விபத்து நடந்தால் காப்பீட்டுக்காரர் முதலில் தேடுவதும் இதைத்தான்.

கேரவன் முன்னால் அழுத்தும் பாரம் என்று சொன்னேனே, அதைப் புரிந்துகொள்ள நம் ஊர் மாட்டுவண்டியை நினைத்துக்கொண்டால் போதும். பின்பாரம் அதிகமானால் நுகத்தடி மேலே தூக்கும், மாடு கழுத்து கொடுக்க முடியாது, வண்டி ஆடும். முன்பாரம் அதிகமானால் மாட்டின் கழுத்து நசுங்கும். பாரம் ஏற்றத் தெரிந்தவர் நெல் மூட்டையை முன்னும் பின்னும் நகர்த்தி, நுகத்தடி கழுத்தில் அளவாக உட்காரும்படி வைப்பார். கேரவனும் அதேதான். இங்கே மாட்டின் கழுத்து, கேரவனை மாட்ட உங்கள் வண்டியின் பின்னால் இருக்கும் இரும்பு உருண்டை, அதாவது டோ பால். பொதுவான கணக்கு, கேரவன் எடையில் பத்தில் ஒரு பங்கு அதன் மேல் உட்கார வேண்டும். 3,500 கிலோ கேரவனுக்கு 350 கிலோ. இதைவிட நன்றாகக் குறைந்தால் 100 கிலோமீட்டர் வேகத்தில், எதிரே 53 மீட்டர் நீள ரோடு டிரெயின், அதாவது பல டிரெய்லர்களைக் கோர்த்த லாரி, காற்றைக் கிழித்துக்கொண்டு கடக்கும்போது கேரவன் வாலாட்டத் தொடங்கும். கூடினால் வண்டியின் பின்பக்கம் உட்கார்ந்து, முன் சக்கரங்கள் லேசாகிவிடும்.

அந்த 350 கிலோ, டிக்கியில் வைத்த 350 கிலோ மாதிரி அல்ல. டோ பால் பின் அச்சுக்கும் பின்னால், ஒன்றேகால் மீட்டர் தள்ளி இருக்கிறது. நெம்புகோல் போல அது முன் அச்சைத் தூக்குகிறது. இரண்டு அச்சுகளுக்கும் இடைவெளி 2.85 மீட்டர் உள்ள ஒரு லேண்ட்க்ரூஸரில் கணக்குப் போட்டால், முன் அச்சிலிருந்து ஏறக்குறைய 150 கிலோ குறைந்து, பின் அச்சில் 500 கிலோ ஏறும். திசை திருப்புவதும் பிரேக்கில் பெரும்பங்கும் முன் சக்கரங்களின் வேலை என்பதை இதோடு சேர்த்து யோசியுங்கள். மொத்த எடை வரம்புக்குள் இருந்தும் பின் அச்சு மட்டும் வரம்பை மீறியிருக்கலாம். எனக்கு நடந்தது அதைவிட மோசம். 3,100 கிலோ கேரவன், டபுள் கேப் யூட் (இரண்டு வரிசை சீட்டும், பின்னால் திறந்த டிரேயும் உள்ள வண்டி), டிரேயை மூடும் கனோபி, அதற்குள் டூல் பாக்ஸ், ஃபிரிட்ஜ், இரண்டாவது ஸ்பேர் டயர். "3,500 இழுக்கும் வண்டிதானே" என்ற நிம்மதியில் பேர்ட்ஸ்வில் டிராக் முழுக்கப் போய் வந்தேன். திரும்பும் வழியில் ஒரு தானியக் கிடங்கின் எடைமேடையில் ஏற்றிப் பார்த்தால், வண்டி மட்டும் 210 கிலோ அதிகம், அதில் பெரும்பகுதி பின் அச்சில். பிள்ளைகளைப் பின் சீட்டில் உட்கார வைத்துக்கொண்டு அப்படி ஓட்டியிருக்கிறேன் என்று நினைத்து அன்று இரவு தூங்கவில்லை. அதனால்தான் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன்.

சரி, உங்கள் குடும்பத்தை வைத்தே கணக்குப் போடுவோம். பெரியவர்கள் இருவர் 150 கிலோ, பிள்ளைகள் இருவர் 75 கிலோ. ஆள் மட்டும் 225. நீங்கள் போகிற பாதைகளில் கங்காரு குறுக்கே வரும், ஆகவே இரும்பு புல் பார் வேண்டும், அது 60, 70 கிலோ. வண்டிக்குள் ஃபிரிட்ஜ், கூடுதல் பேட்டரி, ரெக்கவரி பெல்ட்டுகள், கம்ப்ரெஸர், கருவிகள், குடிதண்ணீர் என்று எவ்வளவு சுருக்கினாலும் 120 கிலோ வந்துவிடும். ஆக, கேரவனின் 350ஐத் தவிர, உங்களுக்குக் குறைந்தது 400 கிலோ தேவை. சாமான் சேர்க்கிற குடும்பம் என்றால் 500. இந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வண்டியாகப் பாருங்கள்.

நான்கு சிலிண்டர் டபுள் கேப் யூட்டுகள் முதலில். பலவற்றின் ஜி.சி.எம். 5,850 முதல் 6,000 கிலோ வரைதான். 6,000 என்றே வைத்துக்கொள்வோம். அதில் கேரவன் 3,500 போனால் (டோ பாலின் 350ம் இதற்குள்தான்) வண்டிக்கு 2,500. வண்டியின் சொந்த எடையே 2,100, 2,200 இருக்கும். மிச்சம் 300 சொச்சம். நீங்கள் நால்வரும் ஏறி புல் பாரும் மாட்டினால் தீர்ந்தது, ஃபிரிட்ஜை வீட்டில் விட்டுவிட்டுப் போக வேண்டும். விற்பவர் சொன்ன 3,500 பொய்யல்ல. ஓட்டுநர் மட்டும் ஏறி, வெறும் வண்டியாக இழுத்தால் அது உண்மை. இத்தகைய யூட்டுகளுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. பின்பக்கம் தாழ்கிறதே என்று ஸ்பிரிங்குக்குத் துணையாக ஏர் பேக் பொருத்துவார்கள். வண்டி நிமிர்ந்து அழகாக நிற்கும், ஆனால் எடை ஒரு கிலோ குறைந்திருக்காது. வண்டியின் அடிச்சட்டத்தில் (சேஸிஸில்) ஒரே இடத்தில் அழுத்தம் குவியும். அலை அலையான மண் பாதையில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் குலுங்கினால், கேபினுக்கும் டிரேக்கும் நடுவில் அடிச்சட்டம் வளைந்துவிடும். அப்படி வளைந்து நின்ற வண்டிகளை வடக்கே நானே பார்த்திருக்கிறேன்.

ஃபோர்டு ரேஞ்சரின் வி6 டீசல் இந்தக் கூட்டத்தில் கொஞ்சம் மேலே. 3 லிட்டர், 600 நியூட்டன் மீட்டர் டார்க் (எஞ்சினின் சுழற்றும் விசை), ஜி.சி.எம். 6,400. கேரவன் போக 2,900. வண்டி எடை போக 500 கிலோவை ஒட்டி மிஞ்சும். காகிதத்தில் சரியாக வருகிறது. ஆனால் 2,400 கிலோ வண்டி 3,500 கிலோவை இழுத்துக்கொண்டு மலை இறங்குவதை நினைத்துப் பாருங்கள், பின்னாலிருப்பது முன்னாலிருப்பதை ஒன்றரை மடங்கு பாரத்தோடு தள்ளும். 2,800 கிலோ கேரவனுக்கு இந்த வண்டியை மனமாரச் சொல்வேன். மூன்றரைக்குச் சொல்ல மாட்டேன்.

லேண்ட்க்ரூஸர் 300தான் இங்கே எல்லோர் வாயிலும் வரும் பெயர். 3.3 லிட்டர் டீசல் வி6, 700 நியூட்டன் மீட்டர், பத்து கியர் ஆட்டோமேட்டிக். எஞ்சினைப் பற்றி ஒரு குறையும் சொல்ல முடியாது. எடைக் கணக்கைப் பாருங்கள். ஜி.வி.எம். 3,280. வண்டி சுமார் 2,600. டோ பாலில் 350. மிச்சம் 330 கிலோ. உங்களுக்கு வேண்டியது 400. ஷோரூமிலிருந்து வந்தபடியே வைத்திருந்தால் இந்த விலையுயர்ந்த வண்டியும் உங்களுக்குப் போதாது. இதைச் சொன்னால் பலர் நம்புவதில்லை, கால்குலேட்டரை எடுத்துப் போட்டுக் காட்ட வேண்டியிருக்கிறது.

இதற்கு வழி உண்டு. ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் மாற்றி, அரசின் ஒப்புதலோடு ஜி.வி.எம்.ஐச் சில நூறு கிலோ உயர்த்திக்கொள்ளலாம். இங்கே இரண்டு விஷயம் கவனியுங்கள். ஒன்று, புது வண்டியைப் பதிவு செய்யும் முன்பே இதைச் செய்தால் அது நாடு முழுவதற்குமான ஒப்புதல். பதிவுக்குப் பின் செய்தால் அந்தந்த மாநில விதிப்படி பொறியாளர் சான்று வாங்க வேண்டும், அலைச்சல் அதிகம். ஆகவே வண்டி கைக்கு வரும் முன்பே முடிவெடுங்கள். இரண்டாவது, ஜி.வி.எம். உயர்ந்தால் ஜி.சி.எம். தானாக உயராது. இந்த வண்டியின் ஜி.சி.எம். 6,750. கேரவன் சக்கரங்களில் 3,150 இருக்கும், டோ பால் 350ஐ வண்டி சுமக்கும். அப்படியானால் வண்டி தன் சக்கரங்களில் 3,600க்கு மேல் போகவே முடியாது. அதற்கு மேல் எவ்வளவு உயர்த்தினாலும் இந்தக் கேரவனோடு போகும்போது அது பயன்படாது. 3,600 வரை உயர்த்தினால் உங்கள் மிச்சம் 330லிருந்து 650 ஆகிறது. அதுதான் உங்களுக்குத் தேவையான இடம்.

நிஸ்ஸான் பேட்ரோல் ஒய்62வில் 5.6 லிட்டர் பெட்ரோல் வி8. ஜி.வி.எம். 3,500, ஜி.சி.எம். 7,000. இழுப்பதில் சளைக்காது, விலையும் டொயோட்டாவை விடக் குறைவு. வண்டி எடை 2,800ஐ ஒட்டி வருவதால் மிச்சம் ஏறக்குறைய 350தான். அதைவிடப் பெரிய யோசனை எரிபொருள். அது பிரீமியம் பெட்ரோல் கேட்கும் எஞ்சின். நாட்டின் உட்பகுதியில் பல பழங்குடிச் சமூகங்களில், பெட்ரோல் முகரும் பழக்கத்தைத் தடுக்க ஓப்பல் என்ற தனி வகை பெட்ரோல் மட்டுமே விற்கிறார்கள். அது சாதாரண 91 ரகத்துக்கு ஈடானது. டீசலோ எல்லா ரோடு ஹவுஸிலும் (நெடுஞ்சாலை எரிபொருள் நிலையங்களில்) கிடைக்கும். இவ்வளவு பெரிய கேரவனோடு டீசல் வண்டி 100 கிலோமீட்டருக்கு 17 முதல் 20 லிட்டர் குடிக்கும், பெட்ரோல் வி8 அதைவிட ஐந்தாறு லிட்டர் கூடவே குடிக்கும். கிழக்குக் கரையோரமே சுற்றுபவர் என்றால் பேட்ரோலை நான் தயங்காமல் சொல்வேன். உங்கள் பட்டியலுக்கு டீசல்.

அப்புறம் அமெரிக்க பிக்கப்கள். ராம் 1500, செவ்ரோலெட் சில்வராடோ, ஃபோர்டு எஃப்-150. 70 மில்லிமீட்டர் டோ பால் போட்டால் 4,500 கிலோ வரை இழுக்க அனுமதி உண்டு. வழக்கமான 50 மில்லிமீட்டர் பாலுக்கு 3,500தான் உச்சம். நீளமான உடம்பு, அகலமான சக்கர இடைவெளி, மூன்றரை டன் பின்னால் இருப்பதே தெரியாத நிதானம். நெடுஞ்சாலையில் இதன் சுகம் வேறு. ஆனால் இங்கேயும் கணக்கைப் போடுங்கள். ராம் 1500இன் ஜி.வி.எம். 3,450, வண்டி எடை மாடலைப் பொறுத்து 2,650 முதல் 2,750. டோ பால் போக மிச்சம் 350 முதல் 450. இவ்வளவு பெரிய வண்டியில் லேண்ட்க்ரூஸரை விட நூறு கிலோதான் கூடுதல். பின்னால் இருக்கும் பெரிய டிரேயைப் பார்த்து சாமானை நிரப்பினால் அதே வலையில் விழுவீர்கள். கிட்டத்தட்ட ஆறு மீட்டர் நீளம், கடை வாசல் பார்க்கிங் இடமோ 5.4 மீட்டர். அதில் பெட்ரோல் வி8 என்றால் செலவுப் பிரச்சினையும் இருக்கும். கேரவனைக் கழற்றிவிட்டுக் குறுகிய காட்டுப் பாதையில் நுழையும்போது அந்த நீளமும் இடிக்கும்.

அவற்றுக்கும் மேலே ராம் 2500 போன்ற டீசல் பிக்கப்கள். ஜி.வி.எம். நாலரை டன்னுக்குச் சற்றுக் கீழே நிறுத்தப்பட்டிருப்பதால் சாதாரண கார் லைசென்ஸே போதும். கணக்கில் எந்தச் சிக்கலும் வராது. ஆனால் ஒரு வருடப் பயணம் முடிந்து பள்ளிக்கூட வாசலுக்கும் சூப்பர் மார்க்கெட்டுக்கும் அதைத்தான் ஓட்ட வேண்டும். யானையைக் கட்டித் தீனி போடுகிற வேலை.

உங்களுக்கு என் பதில் இது. கேரவன் முடிவை இன்னும் மாற்ற முடியுமென்றால், முதலில் அதை மாற்றுங்கள். விரலுக்குத் தகுந்த வீக்கம் என்பார்களே, நான்கு பேருக்கு 21 அடியும் மூன்றரை டன்னும் தேவையில்லை. 18, 19 அடியில், ஏற்றிய பிறகு 2,900 கிலோவுக்குள் நிற்கும் கேரவன் கிடைக்கும். அறுநூறு கிலோ குறைந்தால் வண்டித் தேர்வு சுலபமாகும், எரிபொருள் குறையும், மணலில் சிக்குவது குறையும். முன்பணம் போனாலும் அது லாபம் என்றே சொல்வேன். மாற்ற முடியாது என்றால், பதிவுக்கு முன்பே 3,600க்கு ஜி.வி.எம். உயர்த்திய லேண்ட்க்ரூஸர் 300. பழைய வண்டி போதும் என்றால் அதே மாதிரி உயர்த்திய 200 வரிசை வி8 டீசலும் நல்லதே, 138 லிட்டர் டாங்க் அதன் பெரிய பலம். 300இல் 110 லிட்டர்தான், இருபது லிட்டர் குடித்தால் 550 கிலோமீட்டர். லேவர்ட்டனிலிருந்து யுலாரா வரை கிரேட் சென்ட்ரல் ரோடு 1,100 கிலோமீட்டர் வரும், இடையில் ரோடு ஹவுஸ்கள் உண்டு, ஆனால் ஒன்றில் டீசல் தீர்ந்திருந்தால் அடுத்தது வரை தாங்க வேண்டும்.

வண்டியோடு சேர்த்து வாங்க வேண்டியவற்றில் நான் விட்டுக்கொடுக்காதது பிரேக் கண்ட்ரோலர். 2,000 கிலோவுக்கு மேற்பட்ட கேரவனில் எல்லாச் சக்கரங்களிலும் பிரேக்கும், இணைப்பு அறுந்தால் தானாக நிறுத்தும் அமைப்பும் சட்டப்படி கட்டாயம். அவற்றை இயக்கும் பொத்தான் ஓட்டுநரின் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். கேரவன் ஆடத் தொடங்கினால் கால் பிரேக்கை மிதிக்காதீர்கள். ஆக்சிலரேட்டரை மெல்ல விட்டு, கையால் கேரவன் பிரேக்கை மட்டும் பிடியுங்கள், அது பின்னாலிருந்து இழுத்து நேராக்கும். வீட்டருகே காலி மைதானத்தில் இதைப் பத்து முறை பழகுங்கள், இருவருமே. நீட்டிய பக்கக் கண்ணாடியும் கட்டாயம். ஆஃப்ரோட் பாதைக்கு, எல்லாத் திசையிலும் சுழலும் இணைப்பு வேண்டும். எடையை முன் அச்சுக்குத் திருப்பும் வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் கம்பிகளைச் சாலையில் போடலாம், அதுவும் உங்கள் இணைப்பு அதற்கு ஏற்றதாக இருந்தால் மட்டும். பள்ளம் மேடான பாதையில் நுழையும் முன் அவற்றைக் கழற்றிவிடுங்கள்.

பட்டியலில் உள்ள இடங்களைப் பற்றி ஒரு வார்த்தை. கிப் ரிவர் ரோடு 660 கிலோமீட்டர், இந்தக் கேரவனோடு போகலாம், டயர் காற்றைக் குறைத்து 60, 70 வேகத்தில் பொறுமையாக. பென்டகோஸ்ட் ஆற்றைக் கடக்கும் முன் இறங்கி நடந்து ஆழம் பார்க்க முடியாது, முதலைகள் உண்டு. முன்னால் ஒரு வண்டி கடப்பதைப் பார்த்துவிட்டுப் போங்கள். கேப் யார்க்குக்கு வறண்ட மாதங்களில் முதன்மைச் சாலை வழியே கேரவனோடு போகலாம், ஓல்ட் டெலிகிராஃப் டிராக்குக்கு அதை முகாமில் விட்டுவிட வேண்டும். சிம்ப்சன் பாலைவனத்தின் மணல் மேடுகளுக்கு எந்த வண்டி வாங்கினாலும் இதை இழுத்துப் போக நினைக்காதீர்கள்.

கிளம்பும் வாரத்தில், தண்ணீர் நிரப்பி, எரிவாயு நிரப்பி, பிள்ளைகளின் சைக்கிள் வரை ஏற்றி, நால்வரும் உட்கார்ந்து எடைமேடைக்குப் போங்கள். வண்டியின் முன் அச்சு, பின் அச்சு, கேரவன் சக்கரங்கள், பிறகு கேரவனைக் கழற்றி வண்டி மட்டும் என்று தனித்தனியாக எடை போட்டு எழுதிக்கொள்ளுங்கள். கேரவன் தகட்டில் உள்ள 2,850ஐ நம்ப வேண்டாம், ஆனிங்கும் (வெளியே விரிக்கும் நிழல் கூரை) கூடுதல் பேட்டரியும் பிறகு சேர்ந்திருந்தால் எடைமேடை வேறு எண் சொல்லும். தண்ணீர் டாங்க் இரண்டு என்றால் அதுவே 190 கிலோ, அவை அச்சுக்கு முன்னால் இருக்கின்றனவா பின்னால் இருக்கின்றனவா என்பதைப் பொறுத்து, நிரம்பும்போதும் காலியாகும்போதும் டோ பால் பாரம் மாறும். ஆகவே டாங்க் காலியாக ஒரு முறையும் எடை போடுங்கள். அந்த எண்கள் கையில் வந்ததும் இங்கேயே எழுதுங்கள், எந்தப் பெட்டியை எங்கே நகர்த்தலாம் என்று சேர்ந்து பார்ப்போம்.